சின்னவளின் அழுகை

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைப் பெண் குழந்தைகளை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். சுகப்பிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சங்கரன்கோவிலில் அவள் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். வல்லம் வடகாலில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி செங்கமலம்தான், கேண்டீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒரகடத்து மருத்துவமனைக்குத் துணையாக வந்திருந்தாள்.

"குளிரு படக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லிச்சு. நீ ஒக்காரும்மா, நான் போட்டு வுடறேன்."

சுகப்பிரியாவோடு தொழிற்சாலை லைனில் வேலை பார்க்கும் பெண்கள் வாங்கிக் கொடுத்த சட்டை, குல்லா, காலுறை எல்லாவற்றையும் செங்கமலமே இரண்டு பேருக்கும் போட்டுவிட்டாள். விரல் தடிமன் கால்களுக்குக் காலுறை முழங்கால்வரை வந்தது.

இன்சூரன்ஸ் ஒப்புதல் வரத் தாமதமானது. கணவன் அருள்பாண்டி கவுண்டருக்கும் அறைக்குமாக அலைந்தான். மதியத்துக்கு மேல் சின்னவள் அழ ஆரம்பித்தாள். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயுவாக இருக்கும் என்று நர்ஸ் தோளில் போட்டுத் தட்டினாள். செங்கமலம் வல்லக்கோட்டை முருகன் விபூதியை நெற்றியில் வைத்தாள். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

"எல்லாம் முடிஞ்சிட்டு, வண்டி வந்து நிக்கி. கெளம்புவோம். வண்டி ஓடுனா தூங்கிருவா" என்றான் அருள்பாண்டி, பெரியவளை ஏந்தியபடி.

லிஃப்ட் கதவு திறந்தது. சுகப்பிரியா உள்ளே கால் வைக்கவில்லை.

"இது பசி அழுகை இல்ல. எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்கே திரும்பினாள். சின்னவளைக் கட்டிலில் கிடத்திக் குல்லாவைக் கழற்றினாள், சட்டையைக் கழற்றினாள். உடம்பில் ஒன்றும் இல்லை. இடது காலுறையை இழுத்தபோது குழந்தை வீறிட்டது. மெல்லப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கத்துப் பிசிறு நூல் ஒன்று நடுவிரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் வீங்கி நாவல் பழமாகக் கறுத்திருந்தது.

"ஏங்க, பெரியவளுக்கும் கழத்துங்க!" என்று அலறினாள்.

பெரியவளின் பாதங்கள் நன்றாக இருந்தன. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் லீலா விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டார். வீக்கத்துக்குள் நூல் புதைந்துபோயிருந்தது. அருள்பாண்டி குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மெல்லிய கத்தரியின் நுனி உள்ளே போனது. ஒரு இழை வெளியே வந்தது. இன்னொன்று வந்தது.

"ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மறுபடி இறுக்கும். இப்போ போகாதீங்க, ரத்தம் ஓடுதான்னு பாக்கணும்" என்றார் டாக்டர்.

"உள்ள பாத்துப் போட்டிருக்கக் கூடாதாக்கா?" சுகப்பிரியா வெடித்தாள். செங்கமலம் வெளியே போய்விட்டாள்.

அழுது ஓய்ந்து சின்னவள் தூங்கிப்போனாள். கறுப்பு ஊதாவாகி, ஊதா மெல்லச் சிவப்பானது. டாக்டர் வந்து விரலை அழுத்திக் கையை எடுத்தார். வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்ப ஓடியது. "விரல் பிழைச்சுது. நாளைக்குக் கொண்டுவந்து காட்டுங்க."

சுகப்பிரியா பெரியவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடைபாதை பெஞ்சில் செங்கமலம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"கோவத்துல பேசிட்டேன்க்கா."

"நீ பேசினது கரீட்டுதாம்மா. வெளியழகைப் பாத்தேன், உள்ள இன்னா கீதுன்னு பாக்கல. இனிமே நான் புள்ளைங்கள தொட மாட்டேன்."

"அப்போ ரெண்டு பேரையும் நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?"

செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். புடவைத் தலைப்பில் கைகளைத் துடைத்துக்கொண்டு பெரியவளை வாங்கிக்கொண்டாள்.

குழந்தைகளை வெறுங்காலோடு பழைய பருத்திப் புடவைத் துண்டுகளில் சுற்றி எடுத்துப் போனார்கள். சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. வீடு வரும்வரை சுகப்பிரியா துணியை விலக்கி விலக்கி அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.