பெட்டிக்குத் தெரிந்த தமிழ்

மலை சரிந்து வீரம்மாவை மண் மூடியபோது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் வெளிச்சுவரில் மாட்டியிருந்த மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி கத்திக்கொண்டுதான் இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. மழை அளவு கூடியதும் சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாறி மாறிப் பேசியது. லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கடைச் சிங்களம் தெரியும். பருப்பு வாங்கலாம், பஸ்ஸில் சண்டை போடலாம். பெட்டி பேசியதோ அரசாங்கச் சிங்களம். லொத்தர் சீட்டு விற்கும் வேன் வந்திருக்கிறது என்று நினைத்து வீரம்மா அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

அவள் கிருஷாந்திக்குச் சொந்த அத்தை. மஸ்கெலியாவில் ஹலீம் நானாவின் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் கிருஷாந்திக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் அந்தப் பெட்டி தமிழில் பேசியாக வேண்டும். அதை மாட்டிவிட்டுப் போன நிறுவனத்து அதிகாரிக்குப் போன் மேல் போன் போட்டாள். மனுஷன் கொழும்புத் தமிழர்தான்.

"அது வெளிநாட்டு சொஃப்ட்வெயர் தங்கச்சி. நாங்க ஒண்டும் மாத்த ஏலாது. எழுதிப் போட்டிருக்கு, பாப்பம்."

வாய் கூசாத பொய். பெட்டியின் திரையிலேயே எழுதியிருந்தது: இது திறந்த மூல மென்பொருள், இதன் மூலநிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், திரும்பக் கட்டலாம்.

"எடு புள்ள, கடை இன்டர்நெட் லைன்லயே எடு. கடைக்கு வார ஆள நான் பாத்துக்கிறேன்" என்றார் ஹலீம் நானா.

இறக்குவது சுலபமாகத்தான் இருந்தது. அதைப் பெட்டியில் ஓடும்படி கட்டுவது, அதாவது கம்பைல் பண்ணுவது, பிராணனை வாங்கியது. ஏதோ ஒரு துணைநிரல் இல்லை என்று பாதியில் நின்றது. அதைத் தேடிப் போட்டால் அதற்கு இன்னொன்று வேண்டுமாம். அதையும் போட்டால், இது புதுசு, எனக்குப் பழசுதான் வேண்டும் என்று மாமியார் மாதிரி முரண்டு பிடித்தது. கிருஷாந்தி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேடினாள்.

எந்தெந்த மொழிகளைச் சேர்ப்பது என்று கேட்கும் கோப்பைத் திறந்தபோதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது. சிங்களம், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் அதில் இருந்தன. யாரோ ஒரு புண்ணியவதி தமிழ் எச்சரிக்கையைப் பேசிப் பதிந்துகூட வைத்திருந்தாள். ஆனால் பெட்டியில் ஓடியது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்தால், சிங்களம் 'ஆம்', இங்கிலீஷ் 'ஆம்', தமிழ் 'இல்லை'. புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. அந்த 'இல்லை'யை 'ஆம்' ஆக்கிவிட்டுக் கட்டியிருந்தால் போதும். அதற்குச் சோம்பல்பட்ட கை விளங்குமா?

அவளே மாற்றினாள். கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பரா ஆயம்மாவிடம் பெட்டிச் சாவி வாங்கி, தான் கட்டியதை அதில் ஏற்றினாள். ஏற்றிவிட்டதாக அதிகாரிக்கும் சொன்னாள். திருட்டுத்தனமாக அவள் எதையும் செய்யவில்லை.

மறுநாளே ஜீப் வந்தது. பழையதைத் திரும்பப் போட அதிகாரி லெப்டொப்போடு இறங்கினார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"யாரக் கேட்டு இதுல கை வச்சீங்க? நான் பொலிசுக்குப் போவன்."

"போங்க சார். தமிழ ஏன் அணைச்சு வச்சீங்கன்னு அங்கயும் கேக்குறேன்."

"தமிழ் வேணுமெண்டு யாரும் கேக்கல்லயே தங்கச்சி."

கிருஷாந்திக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம். பெட்டியின் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது:

"மண் சரியப் போகுது. உடனே வீட்ட விட்டு வெளிய வாங்க."

வீரம்மாவின் புருஷன் சிவசாமி பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னொருக்கா போடு புள்ள."

போட்டாள். அதிகாரி லெப்டொப்பைத் திறக்கப் போனார். சிவசாமி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"இவ்வளவுதானாய்யா? இதச் சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாளேய்யா!"

அந்தக் கையை விலக்க ஒருவரும் போகவில்லை.