பதினாலாம் வரியின் புலம்பல்

மருந்துக் குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா காலையில் மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி வந்து, தன் போனை என் மேசையில் வைத்தார்.

“தம்பி, நேத்து சாயங்காலத்துலேர்ந்து இது ஓயவே இல்ல. கால்மணிக்கு ஒரு தடவை கத்துது. அறையைக்கூடத் திறக்காம நேரா இங்கதான் வர்றேன்.”

ஆஸ்பத்திரியின் கணினிகளைக் கவனிப்பது என் வேலை. தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் எட்டு டிகிரியைத் தாண்டினால் அக்காவை எச்சரிக்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சின்ன நிரல், நான் எழுதியது. போனில் இருந்ததோ எச்சரிக்கை அல்ல. ஸ்கிரிப்டின் பதினாலாம் வரியில் பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு புலம்பல். ஒவ்வொன்றுக்கும் அடியில் ‘எல்லாம் சரி’ என்று நான் எழுதிவைத்த செய்தி வேறு.

“ஒரு நிமிஷம்க்கா, வாயை அடைச்சிடறேன்.”

பிழைச் செய்திகளை யாருக்கும் தெரியாமல் விழுங்கவைக்க ஒரு சிறு கட்டளைத் துண்டு போதும். அதைத் தட்டியும் விட்டேன், என்டர்தான் பாக்கி.

“அடைக்கிறது இருக்கட்டும். அது என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அசடு வழிந்தபடி படித்தேன். எட்டோடு ஒப்பிட வேண்டிய வெப்பநிலை வரவே இல்லை. அந்த இடம் காலி. எட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, இல்லையென்றால் ‘எல்லாம் சரி’ என்பதுதான் நான் எழுதிய நிபந்தனை. ஒப்பிட முடியாமல் தடுமாறிய அது, ‘இல்லையென்றால்’ பக்கம் சரிந்து, எல்லாம் சரி என்று இரவு முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறது.

இருவரும் கீழே ஓடினோம். வெப்பநிலையை அனுப்பும் கருவியின் பிளக் தரையில் கிடந்தது. தரை துடைக்கும் மெஷினுக்காக யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜின் கதவு விரற்கடை திறந்திருந்தது. உள்ளே இருந்த வெப்பமானியை அக்கா குனிந்து பார்த்தார்.

“ஏழரை!” தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான் தம்பி சரியா சாத்தாம போயிட்டேன்.”

“எட்டு ஆகலையேக்கா. அது போதும்.”

முந்நூறு தடுப்பூசிகளையும் பக்கத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினோம். பிறகு நான் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அளவு காலியாக வந்தால் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், ஒப்பிடுவதெல்லாம் அப்புறம். பிளக்கை மூன்று முறை பிடுங்கிப் பார்த்தேன். மூன்று முறையும் ‘வெப்பநிலை வரவில்லை, போய்ப் பாருங்கள்’ என்று அக்காவின் போன் நல்ல தமிழில் சொன்னது.

“நீங்க கேக்கலன்னா என்டரைத் தட்டியிருப்பேன்க்கா,” என்றேன்.

ஸ்கிரிப்டின் முதல் வரியில், எழுதியவர் என்று என் பெயர் இருக்கும் இடத்தில், அவர் பெயரையும் சேர்த்துக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எனக்கு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாதே தம்பி!”