கடதாசிக் கோப்பை

சனிக்கிழமை பிற்பகல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், நிறுக்கும் கொட்டகையான மடுவத்தைக் கூட்டிப் பெருக்கி, படம் காட்ட வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். ராகலை டவுனில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் கிருஷாந்தி புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தாள். எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் எடுத்த படம். பாவம், கையில் காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி பலகையில் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆங்கிலம் புரியாதவர்களுக்காக, பாலர் பாடசாலை ஆசிரியை தர்ஷிகா மைக்கைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொன்னாள்.

கடையில் மூட்டை சுமக்கும் கறுப்பின இளைஞனுக்குப் பின்வாசலில் தகரக் குவளையில் கோப்பி கொடுக்கிறான் வெள்ளைக்கார முதலாளி. மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. இளைஞன் குவளையைக் கீழே வைத்துவிட்டு முதலாளியை நேராகப் பார்க்கிறான், வெகுநேரம். பிறகு அவன் ஆயுதம் எடுத்த கூட்டத்தோடு சேர்ந்து, சுடப்பட்டுச் சாகிறான்.

"அவன் கையில துப்பாக்கியக் குடுத்தது வேற யாருமில்லங்க, அந்தத் தகரக் குவளதான்," என்று மைக்கில் முடித்தாள். மடுவமே கைதட்டியது. தர்ஷிகாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துப்போகத் தர்ஷிகாவின் வீட்டுக்குக் கிருஷாந்தி வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். தர்ஷிகா தேநீர் ஊற்றினாள். தனக்கும் அம்மா அழகம்மாவுக்கும் கிளாஸில், கிருஷாந்திக்கு மட்டும் குடித்துவிட்டு எறியும் கடதாசிக் கோப்பையில். கிருஷாந்தியின் அப்பா திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு மேளம் அடிப்பவர். அந்தச் சாதிக்காரர் வந்தால் முன்பெல்லாம் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேநீர். இப்போது அதையே நாகரிகமாகச் செய்யக் கடையில் கோப்பை கிடைக்கிறது. கை அதுபாட்டுக்கு எடுத்துவிட்டது.

கிருஷாந்தி குடிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தர்ஷிகாவை நேராகப் பார்த்தாள்.

"நேத்து நல்லாத்தான் பேசுன, தர்ஷி. எங்கப்பா தப்படிக்கிறவருன்னு இந்தக் கப்புக்கு யாரு சொன்னா?"

போய்விட்டாள். அதன்பிறகு போனை எடுக்கவேயில்லை.

அந்தப் பார்வை தர்ஷிகாவை விடவில்லை. அடுப்புப் புகைக்குள் இருந்தது. பாலர் பாடசாலைச் சுவரில் இருந்தது. கண்ணை மூடினால் இன்னும் கிட்டே வந்தது. அது படத்தில் வந்தவனுடையதா, கிருஷாந்தியுடையதா என்று பிரிக்க முடியவில்லை. ஒருநாள் கோப்பைப் பொட்டலத்தை அப்படியே அடுப்பில் போட்டாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அழகம்மா புலம்பியதைக் காதில் வாங்காமல் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்திலிருந்த கிருஷாந்தியின் வீட்டுக்கு நடந்தாள். அந்த வீட்டில் தர்ஷிகாவின் குடும்பத்தார் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

"குடிக்க ஏதாவது குடு, கிருஷாந்தி," என்றாள் வாசலில் நின்று. "அடுத்த நாட்டு அநியாயத்தப் பேசிக் கைதட்டு வாங்குறது லேசு. அந்தப் படத்து மொதலாளி நம்ம வீட்டு அடுப்படியிலயே இருக்கான். அவன மொதல்ல வெளிய தொரத்தணும்னு எனக்கு இப்பதான் தெரியுது."

கிருஷாந்தி கிளாஸ் நிறையத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். தர்ஷிகா அழுதுகொண்டே குடித்தாள்.

"குடிச்சிட்டுப் போ," என்றாள் கிருஷாந்தி. "ஆனா சரியாப்போச்சுன்னு மட்டும் நெனைச்சிராத. இத்தன வருசமா எங்கம்மா ஒங்க வீட்டு வாசல்ல நின்னுதான் தேத்தண்ணி குடிச்சாங்க. அவங்கள என்னைக்கு உள்ள கூப்புட்டு ஒக்கார வைக்கிறியோ, அன்னைக்கு நானும் வாறேன்."