பாலத்தின் மேல் எதிர்க்காற்று

1
இந்தக் கதை ஒரு கொடியிலிருந்து வந்தது. பாலத்தின் மறுகரையில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் அது எங்களை விட்டு விலகும் திசையில் நீண்டு படபடத்தது. நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை.

2
‘அந்தக் காலை மிகவும்’ — வேண்டாம், எல்லாக் கதைகளிலும் காலை மிகவும்தான்.

நேராகவே சொல்கிறேன். அக்கா பல் மருத்துவர். நிமோனியாவில் படுத்து எழுந்த பிறகு இன்றுதான் ஓட வந்திருக்கிறாள். பக்கத்தில் நான் சைக்கிளில்.

“நிக்காம அந்தக் கரைக்குப் போய்ட்டுத் திரும்பிட்டா பந்தயத்துக்குப் பேர் கொடுக்குறேன். நடுவுல நின்னா இனிமே ஓட்டமே வேண்டாம். ஷூவை நீயே எடுத்துக்கோ.”

“உன் ஷூ என் கட்டைவிரலுக்கே பத்தாது.”

3
போகும்போது பறந்தாள். “பாத்தியாடா, பழைய காலு!”

ஓடுகிறவர்கள் எல்லாரும் ஏமாறும் இடம் இது. முதுகில் தள்ளும் காற்று உடம்புக்குத் தெரிவதில்லை. தன் பலம் என்றே தோன்றும். (எனக்கும்தான். பெடலை மிதிக்காமலே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.)

4
திரும்பினோம்.

புறப்பட்ட கரையில் நிற்கும் இரண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நெருக்கிப் பிழியப்பட்ட காற்று, பாலம் முழுக்க எங்களை நோக்கி வந்தது. அதன் பின்னே, ஆற்றின் மேல் மழை நடந்து வந்தது. நேற்றைய வெயிலில் ஏறிய தாரின் சூடு இன்னும் கீழே இருந்தது. மனிதர்கள் விட்ட ஒரு சந்துக்குள் வானம் நுழைந்தால் இவ்வளவு பெரிதாகுமா! பயம் வரவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

அக்கா முன்னால் சாய்ந்தாள். எடுத்த கால் எடுத்த இடத்திலேயே விழுவதுபோல் இருந்தது. ஆனாலும் ஓடினாள்.

[‘காற்று நின்றது’ என்று எழுதினேன். எழுதுகிறவன் நான்தானே? காகிதத்தில்கூட அது நிற்கவில்லை. அடித்துவிட்டேன்.]

5
நான் முன்னால் போனால் என் முதுகு காற்றைக் கொஞ்சம் தாங்கும்.

“அக்கா, முன்னாடி போகட்டுமா?”

“வந்தேன்னா கொன்னுடுவேன்.” மூச்சு வாங்கியது. பிறகு, “ரொம்ப தள்ளிப் போயிடாதே.”

இரண்டையும் அவள்தான் சொன்னாள்.

கதைக்கு முதல் முடிவு: முன்னால் போகிறேன். அவள் முடிக்கிறாள், ஆனால் அதைத் தன் கணக்கில் சேர்க்க மறுக்கிறாள். இரண்டாவது முடிவு: பக்கத்திலேயே இருக்கிறேன், பாதியில் அவள்

எழுத வரவில்லை. இன்னும் பாதிப் பாலம் இருக்கிறது, மழை தொட்டுவிட்டது. சைக்கிளைப் பிடியுங்கள். பின் பிரேக் சரியில்லை. முன்னாலா, பக்கத்திலா, நீங்களே முடிவு செய்யுங்கள், உங்களையும் திட்டுவாள். நிற்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பைக் கேட்டு அவள் ஓடவில்லை.