கடம்பூர் வரை அட்ஜஸ்ட்

திருநெல்வேலி போகும் அந்தப் பகல் வண்டியில் தமிழில் கேட்டால் மறுக்கலாம். இங்கிலீஷில் கேட்டால் மறுக்க முடியாது. டிக்கெட்டின் பின்பக்கம் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. புனிதவதி அதைப் படித்துவிட்டுத்தான் ஏறினாள்.

கதவை ஒட்டிய ஜன்னல் இருக்கை அவளுக்கு. சாத்தூரில் வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். அங்கே பிளாட்பாரத்தில் அவள் மகள் பிரகதி டிரங்குப் பெட்டியோடு நிற்பாள். விடுதியை இன்று மூடுகிறார்கள். கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகளைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

விருதுநகரில் ஒரு பெண் புருஷனோடு ஏறினாள். கையில் முறுக்குப் பொட்டலம்.

“அக்கா, அந்த எடத்தைக் குடுங்க.”

“முடியாதும்மா. சாத்தூர்ல எறங்கணும். எம்பிள்ளை நிப்பா.”

அந்தப் பெண் தலையாட்டினாள். புருஷன் அவள் காதில் ஏதோ சொன்னான்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்கக்கா.”

புனிதவதியின் கால்கள் தாமாக எழுந்தன. அவள் நடு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

“அடுத்த பெட்டிக்கு ஷிஃப்ட் ஆயிக்கிடுதீங்களா?” என்றான் புருஷன்.

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கப் பெட்டி நீண்டது. போய்ச் சேர்ந்தபோது அங்கே அதே பெண் ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. இங்கயும் நாங்கதான்.”

டி.டி.ஆர். வந்தார்.

“சார், எல்லாத்தையும் பிடுங்குதாங்க.”

“எந்த பாஷையில கேட்டாங்க?”

“இங்கிலீஷ்ல.”

“பெறகு என்னம்மா செய்ய? நீங்களும் கேட்டு வாங்குங்க.”

“எனக்கு வாயில வரமாட்டேங்குது.”

“உங்க பிள்ளைக்காவது வருமா?”

“யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு வளத்திருக்கேன்.”

“நல்ல பழக்கம்” என்று சொல்லி டிக்கெட்டில் கோடு கிழித்தார்.

வண்டி வேகம் குறைந்தது. சாத்தூரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. புனிதவதி எழுந்தாள்.

“அக்கா, நீங்க எங்க எறங்குதீங்க?”

அவள் கதவை நோக்கி நகர்ந்தாள்.

“நாங்க கடம்பூர். எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கிடுவமா?”

புனிதவதி ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற கை டிக்கெட்டை நீட்டியது.

வண்டி நின்றது. அந்தப் பெண்ணும் புருஷனும் இறங்கினார்கள். புனிதவதி அவர்கள் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை. அவை இப்போது கடம்பூரில் இறங்க வேண்டிய கால்கள்.

பிளாட்பாரத்தில் பச்சை ரிப்பன் கட்டிய சிறுமி டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“பிரகதி!”

சிறுமி திரும்பினாள். பிரகதியின் கவுன். பிரகதியின் பெட்டி. முகம் வேறு.

“யாரு நீ? எம்பிள்ளை எங்க?”

“காலையில ஒரு ஆன்ட்டி வந்தாங்க. அவளுக்குப் பதிலா என்னைய ரீப்ளேஸ் பண்ணிக்கிடலாமான்னு கேட்டாங்க. சரின்னுட்டா.” சிறுமி கொஞ்சம் யோசித்தாள். “ரொம்ப மரியாதையான பிள்ளை அத்தை.”

“எங்கிட்டுப் போனா?”

வண்டி நகர்ந்தது. சிறுமி கையைத் தூக்கினாள். வண்டி வந்த திசையைக் காட்டினாள். அந்தப் பெண் அவள் கையைத் தாழ்த்தி, முறுக்கு ஒன்றைக் கொடுத்தாள்.

பெட்டியில் இப்போது புனிதவதியும் எதிர் இருக்கையில் ஒரு பெரியவரும்தான். பெரியவர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“அம்மா, கொஞ்சம்...”

புனிதவதி பாய்ந்து இரு கைகளாலும் அவர் வாயைப் பொத்தினாள். அவர் தடுக்கவில்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மூச்சு அவள் விரல்களில் சுட்டது.

கோவில்பட்டி வந்தது, போனது. கடம்பூர் இன்னும் வரவில்லை. அவள் உள்ளங்கைக்குள் அந்த வார்த்தை அசைந்துகொண்டே இருந்தது.