ரயில் நேரத்துக்கு வந்தது

அய்யாவைச் சவப்பெட்டியில் வைத்து மூடாமல் காத்திருந்தோம். மூடுவதற்கு முன் மூத்த மகன் நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். மூத்தவன், என் அண்ணன் இமானுவேல், சென்னை ரயிலில் வந்துகொண்டிருந்தான்.

கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டுப் பந்தலில் பாதிப்பேர் கையில் போன். ரயில் போகிற இடத்தை ஒரு புள்ளி காட்டும். செபமாலைக்கு நடுவிலேயே, "மதுரை வந்திருச்சு" என்றார் ஒருவர்.

"மனுசன் படுத்துக் கெடந்தப்ப இந்த ரயிலு ஓடலையாக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு மொக்கம்மாள்.

ரெண்டு வருடம் அய்யா படுக்கையில். பகலில் மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவரைத் தூக்குவேன்.

அக்கா ஜெசிந்தாவின் புருஷன் விஜய்ராஜ் என்னைக் கூப்பிட்டார். "சாலமா, வண்டிய எடுத்துட்டுத் தேனிக்குப் போயி அண்ணனக் கூட்டியா. பங்குச் சாமி எட்டரைக்கு மேல நிக்க மாட்டாக, அடுத்த ஊர்ல பூசை. மூத்தவரு இறங்கிட்டாருன்னா நான் பேசி நிறுத்திக்கிறேன்."

தேனி பிளாட்பாரத்தில் நிற்கும்போது அக்கா போனில் சொன்னாள், "ஆண்டிபட்டி தாண்டிருச்சுலே." சொன்னபடியே ரயில் வந்தது. நாற்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். ஓடுகிற பெட்டியில் எழுத்து பிடிபடாது. நின்ற பிறகு எஸ் என்று எழுதிய படுக்கைப் பெட்டிகளைத் தேடிப் பிடித்தேன். இறங்கியவர்களில் அண்ணன் இல்லை. ரயில் போடிக்குக் கிளம்பிவிட்டது.

போன் அடித்தது. இமானுவேல்.

"சாலமா, தேனியில நிக்கிறியா?"

"எந்தப் பக்கம்ணே இறங்குன?"

"நான் ஏறலடா. டிக்கெட்டு வெயிட்டிங்லயே நின்னுபோச்சு. ராத்திரி முழுக்க பஸ்ஸுல உக்கார முடியாது எனக்கு. நேத்தே சொல்லிருப்பேன். ஆளாளுக்கு வர்றியா வர்றியான்னு கேக்கவும் வாய் வரல."

"இப்ப மட்டும் எப்பிடி வந்துச்சு?"

"ரயிலு தேனி வந்தத இப்பத்தான் பாத்தேன்."

அவனும் விடிய விடிய அதே புள்ளியைத்தான் பார்த்துக் கிடந்திருக்கிறான்.

"ரயிலு ரொம்ப லேட்டுன்னு சொல்லி எடுத்துரச் சொல்லுடா. என் மானத்த வாங்கிராத."

"ஊரே ரயிலக் கையில வச்சிருக்குண்ணே. யாருகிட்டப் போயி லேட்டுன்னு சொல்ல?"

அவன் வைத்துவிட்டான். உடனே அக்கா.

"ஏலே, வந்திருச்சுன்னு காட்டுதே. அண்ணன் இறங்கிட்டாகளா?"

அவளுக்குப் பின்னால் செபம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

"ரயிலு வந்துருச்சுக்கா. அண்ணன் வரல. ஏறவே இல்லையாம்."

அவள் கையிலிருந்து மச்சான் போனை வாங்கினார்.

"அப்பச் சரி, மூடிருவோம். சாமி செருப்ப மாட்டிட்டாக."

"மச்சான், முக்கா மணி நேரம். நான் வந்துர்றேன்."

"மூத்தவருக்குன்னா நிறுத்துறதுல ஒரு ஞாயம் இருக்கு. நீ ரெண்டு வருசமா பாத்துக்கிட்டே இருந்த மொகந்தான?"

போனை வைத்துவிட்டு வெளியே வந்து வண்டியை முறுக்கினேன். பெரியகுளம் தாண்டும்போது எட்டரை ஆகிவிட்டது. அதற்கு மேல் வேகமாகப் போக வேலையில்லை. ஊருக்குள் வந்ததும் எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியை விட்டேன்.