றஸாக்கின் பேரில் வந்த பதில்

ஒலுவில் கடலில் ஒரு சுறா என்னிடம் வெற்றிலை கேட்டு வாங்கியது. சுண்ணாம்பு கூடிவிட்டதென்று துப்பிவிட்டுப் போனது. நான் பொய் சொன்னதாக எங்கள் ஊர் பாலமுனையில் இன்றுவரை யாரும் நிரூபித்ததில்லை. ஆனாலும், கடலுக்குப் போய்த் திரும்பாத என் தம்பி றஸாக்கின் தோணிப் பலகை கரையில் ஒதுங்கியிருக்கக் கண்டேன் என்றபோது, அவன் பெண்சாதி பாஹிமா நம்பவில்லை.

"சுறாவுக்கு வெத்தில குடுத்த ஆள்தானே மச்சான் நீங்க. இந்தா பாருங்க, அவர் பதில் போட்டிரிக்கார்."

போனில் றஸாக்கின் பேருக்குக் கீழே "இரிக்கன்" என்று வந்திருந்தது, இருக்கிறேன் என்று.

அந்தப் பதிலைப் போட்டது ஒரு செயலி. அது அவர்களுடைய மகள் நுஸ்ஹா, தோணிகள் காற்றையும் நீரோட்டத்தையும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதற்காக எர்லாங் என்ற கணினி மொழியில் எழுதியது. ஒவ்வொரு தோணிக்கும் கரைக் கணினியில் ஒரு சின்ன நிரல் ஆள் மாதிரி நிற்கும். ஒன்றின் மனதில் உள்ளது மற்றதுக்குத் தெரியாது. சேதி அனுப்பித்தான் கதைக்கும். ஒன்று விழுந்தால் மற்றவை விழா. மேற்பார்க்கும் நிரல் அதே பேரில் புதியதொன்றை எழுப்பிவிடும். விளங்கியது என்று நுஸ்ஹாவிடம் சொன்னேன். அதையும் யாரும் பொய்யென்று நிரூபிக்கவில்லை.

கரையில் நின்று இழுக்கும் எங்கள் கரைவலையில் ஒருவன் கயிற்றை விட்டால், பக்கத்தில் நிற்பவன் அதைப் பிடித்து, அவன் பேரைக் கூப்பிடும்போதும் "இரிக்கன்" என்று குரல் கொடுப்பான். அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான், புதிதாக எழும்பும் நிரலும் "இரிக்கன்" சொல்லும்படி நுஸ்ஹா வைத்திருந்தாள். றஸாக்கின் தோணியிலிருந்து சேதி நின்றது. அவனுடைய நிரல் விழுந்தது. புதியது எழும்பிக் குரல் கொடுத்தது.

தேடப் போன தோணிகளெல்லாம் வெறுங்கையோடு திரும்பிவிட்டன. புருஷன் மவுத்தானால் பெண்சாதி வெள்ளை உடுத்து வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவை இருக்க பாஹிமா மறுத்தாள். தினமும் அவனுக்குச் சோறு மூடி வைத்தாள். கொழும்பிலிருந்து வந்த நுஸ்ஹா உம்மாவின் முன்னால் குந்தினாள்.

"உம்மா, அது வாப்பா இல்ல. வாப்பாட இடத்தில நிக்கிற புதுசு. பழசுக்குத் தெரிஞ்ச ஒண்டும் இதுக்குத் தெரியா."

"அவர்ட பேர்லதானே கதைக்கிது?"

"நான்தான் அப்பிடி எழுதின."

பாஹிமா போனை மகளின் கையில் கொடுத்தாள். "அப்ப கேளு. கடைசியாப் போகக்குள்ள என்னட்ட என்ன சொல்லிட்டுப் போனாரெண்டு."

நுஸ்ஹா எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது: "இரிக்கன்."

"அந்த மனிசன் என்னட்ட ஒரு நாளும் ஒரு சொல்லோட நிப்பாட்டினதில்ல," என்றாள் பாஹிமா. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். "அத நிப்பாட்டு மகள்."

நுஸ்ஹா அழுதுகொண்டே நிறுத்தினாள்.

"மச்சான், அந்தப் பலகை எங்க?"

கொண்டு வந்து கொடுத்தேன். நீலப் பூச்சில் தோணியின் பேர் பாதி இருந்தது. பாஹிமா முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

"எப்பிடி நடந்திரிக்கும் மச்சான்? சொல்லுங்க."

எனக்கு ஒரு கதையும் வரவில்லை.